காதம்மாவின் குரல்

மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டிப் போனால் கடைசிக் கதவு அவளுடையது. கதவில் ‘செவித்திறன் பரிசோதனை’ என்று பலகை தொங்கும். ஆனால் சீட்டுக் கொடுப்பவர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும், “நேரா போய் காதம்மாவைப் பாருங்க” என்றுதான் ஆட்களை அனுப்பிவைப்பார்கள். முதலில் அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிறகு பழகிப்போனது. ஒருநாள் வங்கியில் கையெழுத்துப் போடும்போது அந்தப் பெயரையே எழுதப் பார்த்தாள்.

உள்ளே சத்தம் புகாத சின்ன அறை. சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. நடுவில் ஒரு நாற்காலி, ஹெட்போன், அமுக்குவதற்கு ஒரு பட்டன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காதம்மாவும் அவள் மிஷினும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வயதானவர்கள். உட்காரும்போதே ஆரம்பித்துவிடுவார்கள்.

“எனக்கு நல்லாத்தாம்மா கேக்குது. இவதான் வாய்க்குள்ளயே பேசுறா.”

கூட வந்த மனைவி கூரையைப் பார்ப்பாள். காதம்மா சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டிவிடுவாள். எல்லாம் முடிந்தபிறகு வீட்டு ஆட்களை உட்காரவைத்துச் சொல்வதற்கு அவளிடம் ஒரு பாடம் இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசுங்க. கத்தாதீங்க, தெளிவாப் பேசுங்க. ஒரு ரூம்ல இருந்துக்கிட்டு இன்னொரு ரூம்ல இருக்கிறவங்ககிட்ட பேசாதீங்க.

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கும். ஏனென்றால் அவளுடைய கல்யாண வாழ்க்கை முழுவதும் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பேசியே நடந்தது.

அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். விசில் இல்லாமலேயே மைதானத்தின் அந்தக் கோடி வரை எட்டும் தொண்டை. வீட்டில் அவர் எங்கே இருந்தாலும் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருந்து பள்ளிக்கூடத்துக் கதை சொல்வார். தலைமையாசிரியர் கயிறு இழுக்கும் போட்டியில் விழுந்த கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு வாய் கொப்பளிப்பார். இவள் அடுப்படியில் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, “அப்புறம்? அப்புறம் என்ன ஆச்சு?” என்று கத்துவாள். துணி மடிக்கும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஆளுக்கொரு மூலையில் செருப்பைத் தேடும்போது, முகம் பார்க்காமலே அவர்கள் சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்தார்கள்.

அவருடைய அப்பாவுக்கு ஐம்பதைத் தாண்டியதும் காது போனது. இவருக்கும் அதே வழி. ஆரம்பத்தில் அவர் எல்லாவற்றுக்கும் ‘சரி’ சொல்ல ஆரம்பித்தார். எதிர்த்துப் பேசாத மனிதராகத் தன் கணவர் மாறிவிட்ட அன்றைக்கே காதம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மறுநாளே அழைத்துப்போய்த் தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தாள். காதில் கருவி மாட்டினாள். அது போதாமல்போனபோது இன்னும் சக்தியுள்ளதை மாட்டினாள். காதுத் துளையில் பொருந்தும் அச்சை மாற்றினாள், சத்தத்தைக் கூட்டினாள், விசிலடிக்கிறது என்று குறைத்தாள், மறுபடி கூட்டினாள்.

பரிசோதனையின் கடைசிப் பகுதியில் வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவள் மைக்கில் சொல்வாள்: “கதவு.” அவர் உள்ளேயிருந்து அவளையே பார்த்துக்கொண்டு சொல்வார்: “கதவு.” “மேகம்.” “மேகம்.” பத்துக்கு எட்டு எப்போதும் தேறிவிடும்.

“டெஸ்ட்ல எல்லாம் கரெக்டா சொல்றீங்க. வீட்டுக்கு வந்தாத்தான் கவனிக்கவே மாட்டேங்குறீங்க” என்று அவள் கோபித்துக்கொள்வாள்.

அவர் தலையாட்டுவார். கேட்டுத் தலையாட்டினாரா, அவள் முகம் கோபமாக இருந்ததால் தலையாட்டினாரா என்று தெரியாது. மெல்ல மெல்ல வீடு அமைதியாகிவிட்டது. டிவியில் எழுத்து மட்டும் ஓடியது. மகளின் அழைப்புகள் குறுஞ்செய்திகளாக மாறின. காலையில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்கும். அடுப்படியில் நிற்கும் காதம்மா, கதை வராத அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் வீட்டில்தான் இருந்தார், அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, அதே நாற்காலியில். ஊருக்குப் போனவரை நினைத்து ஏங்குவதுபோல அவள் அவரை நினைத்து ஏங்கினாள்.

அந்த வருடம் தொழில் பதிவைப் புதுப்பிக்க அவளுக்குத் தொடர்கல்வி வகுப்பு பாக்கியிருந்தது. இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு அவள் கடமைக்குத்தான் போவாள். கல்லூரி அரங்கில் பின்வரிசை பார்த்து உட்கார்ந்து, தேநீர் இடைவேளை வரை மனதுக்குள் வீட்டு வேலைகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். இந்த முறை தலைப்பு, வளர்ந்தவர்களின் செவித்திறன் குறைவை மதிப்பிடுவதும் சிகிச்சையும். ‘இருபத்தஞ்சு வருஷமா இதைத்தானே செய்றோம்’ என்று நினைத்துக்கொண்டே போனாள்.

வகுப்பெடுத்தவள் அவளைவிட வயதில் ரொம்பச் சின்னவள். அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் கருவி பொருத்தும் மையம் ஒன்றில் வேலை செய்பவள். திரையில் ஒருவரின் செவித்திறன் வரைபடத்தைக் காட்டி, இவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆளாளுக்குச் சொன்னார்கள். அச்சை மாற்றலாம், சத்தம் கூட்டலாம், வேறு கம்பெனிக் கருவி பார்க்கலாம். காதம்மாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்.

“சரி. இப்ப ஒரு விஷயம் கேளுங்க” என்று பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் ஒரு பதிவைப் போட்டாள். பரிசோதிப்பவர் தன் வாயால் வார்த்தைகளைச் சொல்ல, ஒரு பெரியவர் திருப்பிச் சொன்னார். பத்துக்கு எட்டு. அதே ஆளுக்கு அதே அளவு சத்தத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் பதிவு செய்த குரலில் வார்த்தைகள் போயின. பெரியவர் தடுமாறினார். ‘என்னது?’ என்றார். பிறகு சும்மா இருந்தார். பத்துக்கு இரண்டு.

அரங்கில் யாரோ சிரித்தார்கள். “மேடம், நாங்க எல்லாருமே வாயாலதான் சொல்றோம். பேஷன்ட் வரிசையில நிக்கிறாங்க, நேரம் எங்க இருக்கு?”

“தெரியும். ஆனா வாயால சொல்லும்போது நாம நம்மை அறியாம உதவி பண்ணிடுறோம். நிறுத்தி சொல்றோம், அழுத்தி சொல்றோம், உதடு தெரியுது. பழகின குரல்னா இன்னும் சுலபம். மார்க் நல்லா வருது, நாமளும் காதுல மாட்டுற மிஷினே போதும்னு விட்டுடுறோம். மிஷின் சத்தத்தைப் பெருசாக்கும், அவ்வளவுதான். உள்காது வார்த்தையைப் பிரிச்சுக் குடுக்கலைன்னா எவ்வளவு பெருசாக்கியும் பிரயோஜனம் இல்ல. அப்படிப்பட்டவங்களை எங்ககிட்ட அனுப்பணும். நிறையப் பேர் ரொம்ப லேட்டா வர்றாங்க.”

காதம்மா அதற்குப் பிறகு வீட்டு வேலைகளை அடுக்கவில்லை. தேநீர் இடைவேளையில் பயிற்சியாளரைத் தேடிப் போனாள்.

“ஒரு பேஷன்ட் இருக்காரு. என்கிட்ட நல்லா மார்க் எடுக்குறாரு. ஆனா வெளியில ஒண்ணும் புரிய மாட்டேங்குது.”

“கண்ணாடி வழியா உங்களைப் பாக்குறாரா?”

“ஆமா. என்னையேதான் பாத்துக்கிட்டு இருப்பாரு.”

“உங்களுக்கு அவரை எவ்வளவு நாளா தெரியும்?”

“கல்யாணம் ஆனதுல இருந்து.”

பயிற்சியாளர் கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, “நீங்க டெஸ்ட் பண்ணாதீங்க மேடம். வேற யாரையாவது பண்ணச் சொல்லுங்க” என்றாள்.

அடுத்த வாரமே காதம்மா தன்னோடு வேலை பார்க்கும் இளையவளிடம் கணவரை ஒப்படைத்தாள். கண்ணாடியில் திரை போட்டாயிற்று. பதிவு செய்த ஓர் ஆண் குரல் வார்த்தைகளைச் சொல்ல, மிஷினின் ஸ்பீக்கர் வழியாக டிரில் மாஸ்டரின் பெரிய குரல் வெளியே வந்தது. “கதவு” என்றதற்கு “பழகு” என்றார். “மேகம்” என்றதற்கு “வேணாம்” என்றார். பல வார்த்தைகளுக்கு பதிலே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காதம்மா, அந்த இடைவெளிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக அவர் வார்த்தைகளைக் கேட்டுச் சொல்லவில்லை. அவள் முகத்தைப் படித்துச் சொல்லியிருக்கிறார். அவள் வாய் எப்படிக் குவியும், எப்படி விரியும் என்று அவருக்கு அவ்வளவு மனப்பாடம். அன்பினால் வந்த மார்க்கை அவள் காதின் மார்க் என்று நம்பியிருக்கிறாள்.

வெளியே வந்தவர் குற்றவாளிபோல நின்றார். “அந்த ஆளு யாருன்னே தெரியல. நீ சொல்லியிருந்தா எல்லாம் சரியா சொல்லியிருப்பேன்” என்றார்.

“தெரியும்ங்க” என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து, நிதானமாக.

கருவி பொருத்தும் மையத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை செய்பவர் மறைக்காமல் பேசினார். காதுக்குள் மெல்லிய கம்பி போகும். அது நேராக நரம்புக்குத் தகவல் அனுப்பும். பேச்சு புரிவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இப்போது மிச்சமிருக்கும் இயற்கையான கேட்கும் திறன் அந்தக் காதில் போய்விடலாம். புதிய சத்தம் பழைய சத்தம்போல இருக்காது. மூளை பழக நாளாகும். எல்லாவற்றையும் எழுதியும் காட்டினார்.

காதம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்திருந்தும் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கணவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வீட்டுக்கு வந்தபிறகுதான் வாய் திறந்தார்.

“இப்ப உன் குரல் கொஞ்சம் கேக்குது. வார்த்தை புரியாது. ஆனா அடுத்த வீட்டுல நீ பேசிக்கிட்டு இருக்குற மாதிரி ஒண்ணு கேக்குது. அதுவும் போயிடுமா?”

“போகலாம்.”

“நீ என்ன சொல்ற?”

“பண்ணிக்கலாம்ங்க” என்றாள். “நீங்க எல்லார்கூடவும் பேசணும்.” எல்லார் என்று அவள் சொன்னது தன்னைத்தான்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மதியம், மருத்துவமனை அறையில் அவர் படுக்கையில் உட்கார்ந்து, ஆபரேஷன் நடக்கப்போகும் காதில் இருந்த கருவியைக் கழற்றினார். தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்.

“இதுல கடைசியா ஏதாவது பேசு.”

“என்ன பேசுறது?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். அவள் குனிந்து அவர் காதருகே வாயை வைத்தாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. வாழ்நாள் முழுக்கக் காதுகளுக்குள் சொல்லிப் பழகிய வாய், தானாக ஆரம்பித்தது.

“கதவு” என்றாள்.

அவர் உடம்பு குலுங்கியது. சிரிக்கிறார். “கதவு” என்றார்.

“மேகம்.”

“மேகம்.”

“ஊஞ்சல்.”

“ஊஞ்சல்.”

எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. பட்டியல் வரிசை மனப்பாடமாக இருந்திருக்கலாம். மூச்சு பட்டே தெரிந்திருக்கலாம். நர்ஸ் உள்ளே வந்து, ஏதோ பிரார்த்தனை செய்கிறார்கள் என்று நினைத்து மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

காயம் ஆறிய பிறகு கருவியை இயக்கும் நாள் வந்தது. வகுப்பெடுத்த அதே பயிற்சியாளர்தான் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதலில் பீப் பீப் என்று சத்தம் அனுப்பிப் பார்த்தாள். அவர் விரல் தூக்கினார். பிறகு அவள் காதம்மாவிடம் திரும்பி, “பேசுங்க மேடம்” என்றாள்.

காதம்மா எழுந்து அவருக்குப் பின்னால் போய் நின்றாள். “ஏங்க. நான்தாங்க. கேக்குதா?”

டிரில் மாஸ்டர் திடுக்கிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். “யாரு பேசுறது?”

“நான்தான்.”

அவர் திரும்பி அவள் வாயைப் பார்த்தார். நம்பமுடியாமல் பார்த்தார். “தகர டப்பாக்குள்ள எலி மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பயிற்சியாளரும் சிரித்தாள், காதம்மாவும் சிரித்தாள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முதலில் இப்படித்தான் இருக்கும் என்று எத்தனை பேருக்கு அவளே சொல்லியிருக்கிறாள். அவர்கள் எல்லோரும் தலையாட்டிவிட்டு எந்தக் குழாயடிக்குப் போய் அழுதார்களோ.

பிறகு பயிற்சி. தினமும் சாயங்காலம் அவள் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு வாசிப்பாள், அவர் திருப்பிச் சொல்வார். மாதங்கள் போகப்போகத் தேறினார். பால்காரர் சொன்னது புரிந்தது. மகள் போனில் பேசியது பாதிக்குமேல் புரிந்தது. அன்றைக்கு மகளும் அழுது, இவரும் அழுது, இரண்டு பேர் மூக்கு உறிஞ்சும் சத்தம்தான் அதிகம் கேட்டது. செய்தி வாசிக்கும் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனது. “எவ்வளவு தெளிவாப் பேசுது பாரு அந்தப் பொண்ணு!”

“அப்ப நான்?”

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். “நீ சொல்றது எல்லாம் புரியுது. குரல்தான் தப்பா இருக்கு. அந்தப் பொண்ணு குரலும் தப்பாத்தான் இருக்கும். ஆனா சரியானது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதே. உன்னுது தெரியுமே.”

அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் இப்போது அவருக்குக் கேட்கும். ஆனால் உள்ளே கருவி பொருத்தியது ஒரு காதில் மட்டும் என்பதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிடிபடாது. அவள் அடுப்படியில் இருந்து கூப்பிட, அவர் மாடிக்குப் போய்த் தேடிவிட்டு, “எங்கடி ஒளிஞ்சிருக்க?” என்று இறங்கி வருவார். பேசுவதற்கு எதிரெதிரே உட்கார்ந்துகொள்வதே அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் ஒரு சுகம் இருந்தது. ஆனாலும் முகம் பார்க்காமல், வேலையோடு வேலையாகப் பேசிய அந்தப் பேச்சு திரும்பவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவு கிடைத்தபிறகு அதைக் கேட்பது பேராசையாகத் தோன்றியது.

தன் அறையில் அவள் சிலவற்றை மாற்றினாள். கண்ணாடிக்குத் திரை வந்தது. வார்த்தைகள் பதிவு செய்த குரலில் போயின. வரிசை நீண்டது, சீட்டுக் கொடுப்பவர் முணுமுணுத்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருவி போதாதவர்களைத் தள்ளிப்போடாமல் மையத்துக்கு அனுப்பினாள். அப்படி அனுப்பிய ஒருவரின் மனைவி கதவு வரை போய்த் திரும்பி வந்து, “என் குரல் அவருக்கு மாறிடுமா?” என்று கேட்டாள்.

“மாறும்மா. புரியும். ஆனா மாறும்.”

“அப்புறம் பழையபடி ஆயிடுமா?”

“எங்க வீட்டுல இன்னும் ஆகல” என்றாள் காதம்மா. அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வருடம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடைத்தெருவிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும் வழியில், டிரில் மாஸ்டர் மரத்தடியில் நின்றுவிட்டார்.

“ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத.”

“என்னங்க?”

“முன்னாடி உன் குரல் எப்படி இருந்துச்சுன்னு நெனச்சுப் பாத்தேன். வரல. இப்ப இருக்குற குரல்தான் வருது. நம்ம கல்யாணத்துக்கு மறுநாள் நீ எங்கிட்ட முதல்ல பேசினியே, அதை நெனச்சாக்கூட இந்தக் குரல்லதான் பேசுற.”

மூளை பழகிவிட்டது என்று அர்த்தம். சிகிச்சை முழுசாகப் பலித்துவிட்டது. வகுப்பில் இதைச் சொன்னால் எல்லோரும் கைதட்டுவார்கள். காதம்மாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை காலம் தன் இளவயதுக் குரலை அவர் எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறார் என்ற நினைப்பில் அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அது இப்போதுதான் தெரிந்தது.

“தப்பா இல்லையா அப்ப?” என்று கேட்டாள்.

“இல்ல. நீதான் பேசுற. தெளிவா நீதான்.” அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். “ஆனா பழசைக் கேக்கணும் போல இருக்கு. ஒரே ஒரு தடவை.”

வீட்டுக்கு வந்ததும் அவள் மகளின் முதல் பிறந்தநாள் வீடியோவைத் தேடி எடுத்தாள். திரையில் ஒல்லியான ஒருத்தி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் இருப்பவரைப் பார்த்து, “போதும்ங்க, வெச்சிட்டு வந்து சாப்பிடுங்க” என்று சிரித்தாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். ஆனால் அந்தப் பழைய குரலும் இப்போதைய கருவி வழியாகத்தானே அவருக்குள் போகும்.

“இதுலயும் இப்ப மாதிரிதான் பேசுற” என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. “எப்படி இருந்துச்சு? நீயே சொல்லேன்.”

காதம்மா யோசித்தாள். தன் குரலை எப்படிச் சொல்வது? “கொஞ்சம் கீச்சுன்னு இருந்துச்சு. வேகமாப் பேசுவேன். வாக்கியத்தை முடிக்கவே மாட்டேன். நீங்க திட்டுவீங்க.”

“அப்புறம்?”

“அப்புறம்… சிரிக்கும்போது மூச்சு வாங்கும்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அவள் சொல்லச் சொல்ல எதையோ எட்டிப்பிடிக்கப் பார்ப்பவர்போல உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, நினைவில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.